வீட்டு மாவு மில்: கோதுமை ஆகாதவர்கள் வாங்கலாமா?

ஒரு ஹெச்.பி. மோட்டார், ஸ்டீல் அறை, இடுப்பு உயரம், சமையலறை மூலையில் வைத்துப் பிளக்கைச் சொருகினால் ஓடும் வீட்டு மாவு மில் பற்றிய ரிவ்யூ இது. குன்னூரில் ஒரு முழு மழைக்காலமும் பனிக்காலமும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்த அளவு மெஷின்கள் எல்லாவற்றுக்கும் உள் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், என் கேள்வியும் எந்த மாடல் என்பது இல்லை. மற்றவர்கள் எல்லாம் கோதுமை சாப்பிடுகிற வீட்டில் ஒருவருக்கு மட்டும் சீலியாக் என்கிற, கோதுமை ஆகாத வியாதி இருந்தால், இதற்குக் கொடுக்கிற பணம் தகுமா என்பதுதான் கேள்வி. தகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் மெஷின் தீர்க்கிற பிரச்சினை பாதிதான், மீதிப் பாதி வீட்டு மனுஷர்களிடம் இருக்கிறது, அதனால் அவர்களைப் பற்றியும் எழுதாமல் இந்த ரிவ்யூவை முடிக்க முடியாது.

சீலியாக் எனக்குத்தான். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும், சத்தை இழுத்துக்கொள்கிற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். எனக்கு வயிற்றுத் தொந்தரவை விட ரத்தசோகைதான் பெரிதாகத் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ரத்தத்தில் டிடிஜி என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து, அப்புறம் கோயம்புத்தூர் போய் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலில் இருந்து துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். இதற்கு மருந்து கிடையாது, ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றுதான் சிகிச்சை. சந்தேகத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள்: பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்திவிட்டால் ரத்தத்திலும் குடலிலும் அடையாளம் குறைந்துபோய் ரிசல்ட் தப்பாக வரலாம்.

நம் பக்கம் இந்த வியாதி அபூர்வம். 2016-இல் வந்த ஓர் ஆய்வில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் இருப்பதாகக் கண்டார்கள். ஆயிரத்தில் ஒருவர். அதனால் சொந்தக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. அதை விடப் பெரிய சிக்கல், நம் வீடுகளில் கோதுமை என்றால் பத்தியச் சாப்பாடு. சுகர் வந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி, காய்ச்சல் வந்தால் பிரெட், உடம்பு தேறுவதற்கு ஹார்லிக்ஸ், நீர்க்கடுப்புக்குப் பார்லித் தண்ணீர். இந்த நான்கும் எனக்கு ஆகாது (ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லி மால்ட்டும் இருக்கின்றன, டப்பாவிலேயே போட்டிருக்கும்). அரிசியைக் குறை, கோதுமைக்கு மாறு என்று எல்லா டாக்டர் வாயிலும் கேட்டுப் பழகிய குடும்பத்தில் போய், எனக்கு அரிசி ஆகும் கோதுமைதான் ஆகாது என்று சொன்னால் அது சாக்குப்போக்கு மாதிரித்தான் கேட்கும். அத்தை, அதாவது என் மாமியார், ஆரம்பத்தில் கேட்டது இதுதான்: "சோறு வேணும்னா சோறு கேளும்மா, அதுக்கு ஏன் வியாதி பேரைச் சொல்ற?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு ரொம்ப வலித்தது.

சரி, மில்லுக்கு வருவோம். கோதுமையை விட்டுவிட்டு அரிசி, கேழ்வரகு, சாமை, தினை, சோளம், கம்பு என்று மாறுவது தமிழ்ச் சமையலில் கஷ்டமே இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், களி, அடை எல்லாம் ஏற்கெனவே குளூட்டன் இல்லாதவை. கஷ்டம் மாவு அரைக்கிற இடத்தில்தான் வருகிறது. டவுனில் இருக்கிற மாவு மில்லில் மிளகாய்க்கு ஒரு மெஷின், தானியத்துக்கு ஒரு மெஷின். தானிய மெஷினில் எனக்கு முன்னால் யாரோ ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார்கள், கல்லிலும் துணிக்குழாயிலும் தங்கியிருக்கிற மாவு என் கேழ்வரகோடு சேர்ந்து என் தூக்குக்குள் விழும். மில்காரர் நல்லவர், முதலில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிவிட்டுத் தருகிறேன் என்பார். சாதாரண வீட்டுக்கு அது போதும், எனக்குப் போதாது. குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் அச்சடிக்க நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிற வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். கல்லில் ஒட்டியிருக்கிற மாவிலேயே அது தாண்டிப் போகும். அந்த மில்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவருக்கு எல்லார் வீட்டு மூட்டையும் ஒன்றுதானே.

கடைகளில் விற்கிற குளூட்டன் இல்லாத மாவுப் பாக்கெட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். அரிசி மாவு, ஏதாவது ஒரு ஸ்டார்ச், ஒட்டுவதற்குக் கொஞ்சம் பிசின், இவ்வளவுதான் பெரும்பாலும். விலை சாதாரண ஆட்டாவைப் போலப் பல மடங்கு. பயணத்துக்கு உதவும், தினமும் கட்டுபடியாகாது. அதை விட முக்கியமாக, அந்தப் பாக்கெட் அலமாரியில் இருக்கிற வரை அது 'அவளோட மாவு'. வீட்டில் வேறு யாரும் தொட மாட்டார்கள், அடுப்பில் எனக்கென்று தனியாக ஒரு ரொட்டி வேகும், அதை நான் தனியாகச் சாப்பிடுவேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: கடையில் டெமோ என்றால் மெஷினில் கோதுமையைத்தான் போடுவார்கள். எல்லாக் கடையிலும் ஒரு டப்பாவில் கோதுமை தயாராக இருக்கும், ஏனென்றால் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் சப்பாத்தி மாவுக்காகத்தான் வருகிறார்கள். அப்படி ஒரு தடவை ஓட்டிய மெஷின் நமக்கு வேண்டாம். காட்சிக்கு வைத்ததும் வேண்டாம், செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது என்றாலும் வேண்டாம். அறையைக் கழற்றித் துடைக்கலாம், ஆனால் மூலை முடுக்கிலும் ரப்பர் வளையத்திலும் வடிகட்டித் துணியிலும் போய் உட்கார்ந்த மாவை எடுக்க முடியாது. நாங்கள் சீல் பிரிக்காத பெட்டியைத்தான் கேட்டோம், வீட்டில் பொருத்த வந்த பையனிடமும் எங்கள் அரிசியைக் கொடுத்து அதில்தான் ஓட்டிக் காட்டச் சொன்னோம். ஃபேக்டரியிலேயே ஓட்டிப் பார்த்து அனுப்பியிருக்கலாம் என்பதால் முதலில் அரைத்த அரிசி மாவை நான் சாப்பிடவில்லை, அத்தை கோலத்துக்கு வைத்துக்கொண்டார். எங்கள் மெஷின் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது, மலைக்கு ஏற்றிவந்த செலவு தனி. ரெண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் கட்டாயம் வேண்டும், பழைய லைன் வீடுகளில் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைப்பது எப்படி இருக்கிறது? உள்ளே கல் கிடையாது. வேகமாகச் சுற்றுகிற பிளேடுகள் தானியத்தை அடித்து நொறுக்கும், சுற்றிலும் இருக்கிற ஜல்லடைத் தகட்டின் ஓட்டை வழியாக மாவு கீழே டப்பாவில் விழும். தகட்டை மாற்றினால் நைஸாகவும் ரவையாகவும் எடுக்கலாம். கேழ்வரகு அருமை. நைஸ் தகட்டில் போட்டால் களி கட்டி இல்லாமல் வருகிறது, அடை தட்டினால் விரிசல் விடுவதில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, குடல் கெட்டுப்போய்ச் சுண்ணாம்புச் சத்தும் சேராமல் இருந்த எனக்கு அது பெரிய விஷயம். சோளத்தில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரிந்தது, பழைய மாவில் ரொட்டி தட்டினால் ஓரம் வெடிக்கும், அன்றைக்கே அரைத்த மாவைக் கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைந்து வாழை இலையில் தட்டினால் மடித்தாலும் உடைவதில்லை. கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும், அதனால் அரைக் கிலோ அரைக் கிலோவாக அரைத்துக்கொள்ள முடிவதே லாபம். கடலைப் பருப்பு, உளுந்து, பொட்டுக்கடலை எல்லாம் பிரச்சினை இல்லாமல் அரைபடுகின்றன.

ஆகாதவையும் இருக்கின்றன. ஈர அரிசி போடவே கூடாது. ஊறவைத்து நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரப்பதத்தோடு அரைக்கிற புட்டு மாவு, இடியாப்ப மாவு இதில் வராது, ஜல்லடை களிம்பாக அடைத்துக்கொள்ளும். பச்சரிசியைக் காய்ந்தபடியே அரைத்து, மாவை வறுத்துச் சலித்துத்தான் செய்கிறேன். இடியாப்பம் நன்றாக வருகிறது, புட்டு சுமார்தான். எள், நிலக்கடலை மாதிரி எண்ணெய் உள்ளதும் கூடாது. மிளகாய் அரைக்கலாம் என்று கடையில் சொன்னார்கள், ஆனால் காரமும் வாடையும் எவ்வளவு துடைத்தாலும் போகாது என்பதால் சாம்பார் பொடியை மிக்ஸியிலேயே முடித்துக்கொள்கிறேன். சத்தம் அதிகம், கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் நேரம் பார்த்துத்தான் போட வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டாத ஒன்று, மலை ஈரம். ஜூன், ஜூலையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போகும், அக்டோபர், நவம்பரில் திரும்பவும் மழை. மூடி வைத்த கேழ்வரகு கூட நமுத்துவிடும். அப்படியே போட்டால் மெஷின் திணறி, மாவு சூடேறி, மோட்டார் தானாக நின்றுவிடும். வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயில் எங்கே? இரும்பு வாணலியில் நிறம் மாறாமல் லேசாக வறுத்து, முழுக்க ஆறவைத்து, அன்றைக்கே அரைப்பதுதான் வழி. அரைத்த மாவும் சூடாக இருக்கும், அதைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறின பிறகே டப்பாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். கரண்ட் இன்னொரு விஷயம். காற்றுமழையில் எங்காவது மரம் சாய்ந்தால் சப்ளை போய்விடும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் முனகும். முனகினால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். பகல் பதினொரு மணி வாக்கில் அரைப்பதுதான் நல்லது.

தானியத்தைப் பொறுக்குவதையும் விடக் கூடாது. கேழ்வரகு எங்களுக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இருந்துதான் மார்க்கெட்டுக்கு வருகிறது, சாமையும் தினையும் எங்கிருந்தோ. மூட்டை, லாரி, கடைத் தராசு எல்லாவற்றிலும் கோதுமையும் போயிருக்கும், எப்போதாவது ஒரு மணி கலந்திருக்கும். முறத்தில் பரப்பிப் பார்த்தால் சாமையில் கோதுமை மணி நன்றாகவே தெரியும். இந்த வேலையை என் மாமனார் தானாகக் கேட்டு எடுத்துக்கொண்டார். அவருக்கு சுகர், ராத்திரிக்குச் சப்பாத்திதான், அதை நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவருடைய ஆட்டா பாக்கெட்டாக வருகிறது, அதற்குத் தனிக் கல், தனிப் பலகை, தனிக் குழவி, தனிச் சல்லடை, சமையலறையின் மறுகோடியில். காலையில் காபி குடித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் முறத்தோடு உட்காருகிறார். கண்டுபிடித்த கோதுமை மணியை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, "இன்னைக்கு ரெண்டு மாட்டுச்சும்மா" என்று கொண்டுவந்து காட்டுவார். வியாதி என்ன, ஏது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் எனக்காக முழுசாக யோசித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அத்தை மாறியது மெதுவாக. டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் அவரை அசைக்கவில்லை. 8-இல் நின்றுகொண்டிருந்த என் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிய ரிப்போர்ட் வந்த அன்று அதை வாங்கி ரெண்டு தடவை பார்த்தார். அதற்கடுத்த வாரம் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, இதுல மைதான்னு போட்டிருக்கே, இத்தனை நாளும் சாம்பார்ல போயிருக்குமே" என்று அவரே வந்து கேட்டார். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பது வழக்கம்தான், அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பார்த்து வாங்க வேண்டும். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. அன்றையிலிருந்து வீட்டுக்குள் வருகிற எல்லாப் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் அத்தைதான் படிக்கிறார்.

மெஷினால் வந்த சண்டையையும் சொல்லிவிட வேண்டும். அத்தையின் அக்கா, எங்களுக்குப் பெரிய அத்தை, மேட்டுப்பாளையத்தில் இருந்து லீவுக்கு வந்திருந்தார். முட்டிவலிக்குக் கஞ்சி போட்டுக் குடிக்கலாம் என்று ஒரு கிலோ சம்பா கோதுமை கொண்டுவந்திருந்தார், வீட்டிலேயே மெஷின் இருக்கிறதே என்று நேராக மூடியைத் திறந்துவிட்டார். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது அத்தை மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். "இதுல கோதுமை போடக் கூடாதுக்கா." "ஒரு கிலோதானடி, அப்புறம் துடைச்சுக்கலாம்." "துடைச்சாலும் போகாதுக்கா." "இது கடைக் கோதுமை இல்ல, சம்பா. நம்ம பாட்டன் காலத்துக் கோதுமை, இதுல ஒண்ணும் வராது."

இந்த நம்பிக்கை நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். சம்பா கோதுமை பழைய ரகம் என்பது உண்மை, நார்ச்சத்து அதிகம், நம் ஊர் மண்ணோடு பழகியது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது, சம்பா ரகங்கள் அங்கேயும் உருவாகியிருக்கின்றன. ஆனால் அதுவும் கோதுமைதான், குளூட்டன் அதிலும் உண்டு, சீலியாக் உள்ளவர்களுக்கு அது கூடாது. ஆர்கானிக்காக விளைந்தாலும் கூடாது, கல்லில் அரைத்தாலும் கூடாது.

இதை என் வீட்டுக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார், "பெரியம்மா, குடுங்க, நான் டவுன் மில்லுல அரைச்சுட்டு வந்துடறேன்" என்று அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அரைத்தும் கொண்டுவந்தார். ஆனாலும் பெரிய அத்தைக்கு மனசு ஆறவில்லை. "மருமகளுக்குன்னு ஒரு மெஷினு, அதை நான் தொடக் கூடாதாக்கும்" என்று சொல்லிவிட்டு, தங்க வேண்டிய நாளுக்கு முன்பே பஸ் ஏறிவிட்டார். இன்னும் அத்தையோடு சரியாகப் பேசுவதில்லை. எனக்காக அக்கா தங்கைக்குள் இப்படி ஆனது எனக்குத் தாங்கவில்லை, ஆனால் அன்றைக்கு மூடியை மூடியது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. நீங்கள் வாங்கினால் முதல் நாளே, எல்லாரையும் உட்காரவைத்து, இதில் கோதுமை, பார்லி, ரவை, ஓட்ஸ் எதுவும் போடுவதில்லை என்று பெரியவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கிறது.

நீலகிரியில் யார் வீட்டுக்குப் போனாலும் டீயும் வர்க்கியும் வரும். வர்க்கி மைதாவில் செய்வது, வேண்டாம் என்றால் வைத்தவர்கள் முகம் சுருங்கும். இப்போது எங்கே போனாலும் இந்த மெஷின் மாவில் சுட்ட கேழ்வரகு முறுக்கோ தினை லட்டோ ஒரு டப்பா கொண்டுபோகிறேன், எனக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லாருக்கும் தட்டில் வைக்கிற அளவுக்கு. பேச்சு வியாதியில் இருந்து முறுக்குக்குப் போய்விடுகிறது. கல்யாண வீட்டிலும் ஹோட்டலிலும் இது உதவாது, ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே சாதா தோசையும் ஊற்றுகிற இடத்தில் நான் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கு இந்த வியாதி வர மற்றவர்களை விட வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். என் மகனுக்குப் பார்த்தாகிவிட்டது, இல்லை. திருப்பூரில் இருக்கும் என் தங்கைக்கும் ரத்தசோகை உண்டு, அவள் இன்னும் பிடிகொடுக்கவில்லை, நானும் விடுவதாக இல்லை.

கடைசியாக சர்வீஸ். ஒரு தடவை ஜல்லடைத் தகடு ஓரம் கிழிந்தது, நான் விசாரித்த வரை மலையில் எங்கும் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரில் சொல்லிவைத்து வருவதற்குள் கையிருப்பு மாவு தீர்ந்துவிட்டது. மெஷின் வாங்கும்போதே நைஸ் தகடு ஒன்றும் வடிகட்டித் துணி ஒன்றும் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். ரிப்பேருக்கு வருகிறவர் வேறு வீட்டு மெஷினில் கழற்றிய தகட்டைத் தற்காலிகமாகப் போட்டுத் தருகிறேன் என்பார், அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.